தூங்குமூஞ்சிகளின் சரித்திரம்

காய்ச்சலில் படுத்தவரைக் கண்டால் நமக்கு இரக்கம் வருகிறது. கால் ஊனமானவரைக் கண்டால் கை கொடுக்கத் தோன்றுகிறது. ஆனால் நாலு பேர் கூடிய சபையிலே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை விடுகிற ஒருவரைக் கண்டால் மட்டும் சிரிப்புத்தான் வருகிறது. இந்த விஷயத்தில் கீழ்நாட்டார், மேல்நாட்டார் என்ற பேதமே கிடையாது.

நம்முடைய கும்பகர்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தது தவறு என்று அண்ணன் ராவணனிடம் முகத்துக்கு நேரே சொன்னவன் அவன். சொல்லியும் பயனில்லை என்று கண்டபோது, அண்ணனுக்காகவே போர்க்களம் போய் உயிரைக் கொடுத்தவன். இவ்வளவு பெருமை இருந்தும், அவன் பெயரைச் சொன்னவுடன் நமக்கு ஞாபகம் வருவது என்ன? தூக்கம்! முரசு அடித்தும், சங்கு ஊதியும், யானைகளை மேலே நடக்கவிட்டும் எழுப்ப முடியாத தூக்கம். கதாகாலட்சேபத்தில் அந்தக் கட்டம் வந்தால் போதும். அதுவரையில் தாமே தூங்கிக்கொண்டிருந்த கிழவர்கள்கூட விழித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு கும்பகர்ணன் இருந்தார். அவர் என் பெரியப்பா.

பெரியப்பா ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முத்து முத்தான எழுத்து. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எழுதிய பக்கங்களைப் பார்க்க வேண்டும்! 7 என்று தொடங்கிய இலக்கம் கீழே இறங்காமல் ஒரு நீண்ட கோடாகி, பேரேட்டின் ஓரத்தில் போய் நின்றிருக்கும். பேனா பிடித்த கையோடு தூங்கிவிட்டார் என்று அர்த்தம். முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரைக் கணக்கிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார். கிடங்கிலே மூட்டைகளுக்கு நடுவில் இன்னும் வசதியாகப் போயிற்று. பிறகு வேலையே போயிற்று. ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'தூங்குமூஞ்சி.' வீட்டுக்குள் பெரியம்மாவே ஒரு நாள் கோபத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள். பெரியப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "என்ன செய்யறது? கண்ணு தானா மூடிக்குது" என்றார். ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்திருக்கிற மனிதர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

படிப்புக்காக அவர் வீட்டில் தங்கியிருந்த நான் கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை அல்ல. மரம் அறுக்கிற சத்தம். ஆனால் நடுநடுவே அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். நான் மனத்துக்குள் எண்ணுவேன். பத்து... இருபது... முப்பது. 'அப்பாடா, ஓய்ந்தது!' என்று திரும்பிப் படுப்பேன். அந்தச் சமயத்தில், கிணற்றில் முங்கினவன் மேலே வந்து மூச்சு வாங்குவதுபோல, ஒரு பெரிய உறுமல் எழும்பும். மறுபடியும் மரம் அறுக்கத் தொடங்கிவிடும்.

1974-ஆம் வருஷம் மார்கழி மாதத்தில் ஒரு நாள் ராத்திரி அந்தச் சத்தம் நின்றது, திரும்பத் தொடங்கவில்லை. அன்று வீடு முழுவதும் நன்றாகத் தூங்கியது. காலையில் காப்பி கொண்டுபோன பெரியம்மாதான் முதலில் அலறினாள். அவருக்கு வயது 52. மாரடைப்பு என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் அந்த மாரடைப்பு எத்தனை வருஷமாக எங்கள் கூடத்தில் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு வந்தது என்பதை நான் தெரிந்துகொள்ள ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு டாக்டர் அம்மாள் என்னையே அந்த வியாதிக்காரன் என்று சொன்னபோதுதான் தெரிந்தது.

என் கதை இருக்கட்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். அந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்த கதை இருக்கிறதே, அது நாவலாசிரியன் கற்பனையைவிட விசித்திரமானது. போதாக்குறைக்கு அதன் தொடக்கத்திலேயே ஒரு நாவலாசிரியர் வந்து நிற்கிறார்.

1836-ஆம் வருஷத்தில் லண்டனில் 'பிக்விக் பேப்பர்ஸ்' என்ற தொடர்கதை, மாதம் ஒரு பகுதியாக வெளிவரத் தொடங்கியது. எழுதியவர் சார்லஸ் டிக்கன்ஸ். அப்போது அவருக்கு வயது 24. அந்தக் கதையில் வார்டில் என்ற கனவானிடம் ஜோ என்று ஒரு வேலைக்காரப் பையன் இருக்கிறான். ஜோ மகா குண்டு. அவனுக்குத் தெரிந்த தொழில்கள் இரண்டு: தின்பது, தூங்குவது. வண்டியின் மேலே உட்கார்ந்தால் தூங்குவான். சாப்பாடு பரிமாறும்போது நின்றுகொண்டே தூங்குவான். ஒரு சமயம் வக்கீல் ஆபீஸ் கதவை ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கிறான். ஏன் என்று கேட்டால், கதவு திறக்கும்வரை இடிப்பதை நிறுத்தாதே, நிறுத்தினால் தூங்கிப்போவாய் என்று எஜமானர் உத்தரவு போட்டிருக்கிறாராம்!

இங்கிலாந்து தேசமே வயிறு குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். டிக்கன்ஸைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கண்ணால் கண்டதை அவ்வளவு துல்லியமாக எழுதியவர் அவர். பருத்த உடம்பு, சிவந்த முகம், தீராத பசி, ஓயாத தூக்கம், குறட்டை என்று ஒரு வைத்தியர் குறித்துவைக்க வேண்டிய அடையாளங்களையெல்லாம் ஒரு கதாசிரியர் குறித்துவைத்துவிட்டார். ஆனால் ஜோவின் குறட்டையைக் கேட்டுச் சிரித்த நாம் யாரும் ராத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மூச்சை எண்ணிப் பார்க்கவில்லை.

அப்படி உட்கார்ந்து எண்ணிய ஒருவர் பிற்பாடு வந்தார். வில்லியம் பிராட்பென்ட் என்ற லண்டன் வைத்தியர் 1877-ல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு விஷயம் எழுதினார். வயதானவர்கள் மல்லாந்து படுத்துக் குறட்டை விடும்போது, சில சமயம் இரண்டு மூன்று மூச்சு நேரத்துக்குப் பூரண நிசப்தம் நிலவுகிறது. ஆனால் அந்த நிசப்தத்திலும் மார்பு மட்டும் விரிவதற்குப் பாடுபடுகிறது. காற்று உள்ளே போவதில்லை. கடைசியில் ஒரு பெரிய உறுமலோடு காற்று நுழைகிறது என்று அவர் கண்டார். நான் கூடத்தில் படுத்து எண்ணினேனே, அதே நிசப்தம்! நான் பிறப்பதற்குப் பல காலம் முன்பே அது அச்சேறிவிட்டது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக அந்தக் காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

எண்பது வருஷம் கழித்து, அமெரிக்காவில், ஒரு சீட்டாட்டம் இந்தக் கதையை மறுபடியும் கிளப்பிவிட்டது. 51 வயதான ஒரு வியாபார உத்தியோகஸ்தர், கனத்த சரீரம். வாரம் ஒரு முறை போக்கர் ஆடுவது அவர் வழக்கம். ஒரு நாள் அவர் கையில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் வந்து சேர்ந்தன. சீட்டாடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இப்படிக் கை வந்தால் எவனுக்காவது தூக்கம் வருமா? அவருக்கு வந்தது! கையில் அந்தச் சீட்டுக்களோடு தூங்கிப்போய், வந்த அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டார். சில நாட்களில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பரீட்சித்த பர்வெல் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1956-ல் அந்தச் சரித்திரத்தைப் பிரசுரித்தபோது, வியாதிக்கு 'பிக்விக் நோய்' என்று பெயர் வைத்தார்கள். டிக்கன்ஸின் வேலைக்காரப் பையன் 120 வருஷம் கழித்து வைத்திய சாஸ்திரத்தில் இடம் பிடித்துவிட்டான்.

பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. பருத்த உடம்பினால் மூச்சு ஆழமாக விட முடியாமல், ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் தருகிறது என்று பாஸ்டன் டாக்டர்கள் எண்ணினார்கள். பகலிலே வந்த நோயாளியைப் பகலிலே பரீட்சித்தார்கள். அதனால் வந்த வினை. 1965-ல் பிரான்சில் மார்ஸேய் நகரத்தில் காஸ்டோவும் அவருடைய சகாக்களும், ஜெர்மனியில் யுங், கூலோ என்ற இருவரும், தனித்தனியாக ஒரே காரியத்தைச் செய்தார்கள். நோயாளியைத் தூங்கவிட்டு, மூளையின் மின் அலைகளையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். மர்மம் விளங்கிவிட்டது. அவர்கள் தூங்கவே இல்லை! ராத்திரி முழுவதும் மூச்சு நிற்பதும், மூளை திடுக்கிட்டு ஒரு கணம் விழிப்பதும், தொண்டை திறந்து காற்று புகுவதும், மறுபடியும் தூங்குவதுமாக நூற்றுக்கணக்கான தடவை நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு கண விழிப்பு, விழித்தவருக்கே ஞாபகம் இருப்பதில்லை. ஆகவே ஒன்பது மணி நேரம் தூங்கினேன் என்று அவர் சத்தியம் செய்வார். பகலில் பேரேட்டின்மேல் சாய்வார்.

ஏன் மூச்சு நிற்கிறது? இளநீர்க் கடையில் காகிதக் குழல் கொடுக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். குழல் நனைந்து தளர்ந்த பிறகு பலமாக உறிஞ்சினால் என்ன ஆகிறது? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு உறிஞ்சுகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு இறுக ஒட்டிக்கொள்கிறது. நம் மூச்சுக்குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. ஆனால் அதற்கு மேலே, நாக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டைக்கு அப்படிப்பட்ட காப்பு எதுவும் இல்லை. தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூக்கத்தில் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்துவிடுகிறது. பருத்தவர்களுக்கு இது அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒல்லியானவர்களுக்கும், சின்னத் தாடை உள்ளவர்களுக்கும், ஸ்திரீகளுக்கும் இது உண்டு. மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, இருதயம் தவிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த கில்லெமினோவும் சகாக்களும் இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்ற பெயரை நிலைநாட்டினார்கள். தூக்கத்தில் மூச்சற்றுப் போவது என்று பொருள்.

காரணம் தெரிந்தது சரி, பரிகாரம்? 1969-ல் கூலோ முதலிய ஜெர்மன் டாக்டர்கள் ஒரு பரிகாரம் செய்து காட்டினார்கள். அடைப்பது தொண்டைதானே? அதற்குக் கீழே, கழுத்தின் முன்புறத்தில் துளை போட்டு, மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் சொருகிவிடுவது! பலன் பூரணமாகக் கிடைத்தது. ஆனால் ஆயுள் முழுவதும் கழுத்தில் துளையோடு வாழ வேண்டும். அதில் சளி கட்டும், புண் வரும், தண்ணீரில் இறங்க முடியாது. இறந்துபோகும் நிலையில் இருந்தவர்கள்கூட யோசித்தார்கள்.

என் பெரியப்பா காலமான 1974-ல் உலகம் முழுவதிலும் இருந்த நிச்சயமான வைத்தியம் அது ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு மனத்தில் ஒரு பாரம் குறைந்தது. ஒரு பாரம் குறையவில்லை. அவரைக் காப்பாற்றியிருக்க வழி அநேகமாக இல்லை. ஆனால் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

இனி, ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். 1980-ஆம் வருஷம் ஜூன் மாதம், சிட்னி நகரம். அங்கே காலின் ஸல்லிவன் என்ற டாக்டர் இருந்தார். கனடாவில் டொராண்டோ நகரத்தில் பிலிப்ஸன் என்ற பேராசிரியரிடம், தூங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்துவிட்டுத் திரும்பியவர். அவரிடம் ஒரு நோயாளி வந்தார். கட்டட வேலை செய்கிற தொழிலாளி. வியாதி முற்றிப்போயிருந்தது. கழுத்தில் துளை போடுவது ஒன்றே வழி என்றார்கள். அந்த மனிதருக்கு அதில் விருப்பமில்லை. வேறு வழி கிடையாதா என்று கேட்டார்.

வேறு வழி ஒன்று ஸல்லிவனின் மூளையில் மட்டும் இருந்தது. நனைந்த காகிதக் குழல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்யலாம்? உறிஞ்சுவதற்குப் பதிலாக மறுபக்கமிருந்து கொஞ்சம் ஊதிக்கொண்டே இருந்தால் குழல் திறந்தே இருக்கும் அல்லவா? மூக்கு வழியாகக் காற்றை மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தால் தொண்டை திறந்தே இருக்க வேண்டும்.

காற்றின் அழுத்தத்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்துவது அப்படியொன்றும் புதிதல்ல. 1936-லேயே லண்டனில் பூல்ட்டன் என்ற டாக்டர், நுரையீரலில் நீர் கோத்த இருதய நோயாளிகளுக்கு முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தினார். வீடு கூட்டுகிற வாக்குவம் கிளீனர் யந்திரத்தின் ஊதும் பக்கத்தைத்தான் அதற்கு உபயோகித்தார்! பிறகு, 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, நுரையீரல் விரியாமல் 39 மணி நேரத்தில் இறந்துபோயிற்று. ஜனாதிபதி வீட்டுக் குழந்தைக்கே மூச்சுக் கொடுக்க அன்று வழியில்லை. 1971-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகோரி என்ற டாக்டரும் சகாக்களும் அப்படிப்பட்ட 20 சிசுக்களுக்குக் காற்றின் அழுத்தத்தால் நுரையீரல் மூடாமல் காத்தார்கள்; 16 குழந்தைகள் பிழைத்தன. இந்த முறைக்கு வைத்தியர்கள் வைத்த நீண்ட பெயரைச் சுருக்கி 'சிபாப்' என்கிறார்கள். சிசுவின் நுரையீரலைத் திறந்த காற்று, பெரியவனின் தொண்டையைத் திறக்குமா என்று கேட்டவர்தான் ஸல்லிவன்.

அவரும் வாக்குவம் கிளீனர் மோட்டாரிடம்தான் போனார். நோயாளியின் மூக்குத் துவாரங்களில் மிருதுவான குழாய்களைப் பொருத்தி, காற்று கசியாதபடி சுற்றிலும் ஸிலிக்கோன் ரப்பர்ப் பசையை ஊற்றி உறையவிட்டார்கள். மோட்டார் இரைந்தது. நோயாளி தூங்கினார், மூச்சு நின்றது. காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஓர் அளவு வந்ததும் குறட்டை நின்றது, மூச்சு ஓடியது! அழுத்தத்தைக் குறைத்தால் மறுபடியும் அடைப்பு. ஏற்றினால் மறுபடியும் திறப்பு. விளக்கை ஏற்றி அணைப்பதுபோல் இருந்தது. பிறகு அவரை அப்படியே தூங்கவிட்டார்கள். எத்தனையோ வருஷக் கடனை ஒரே ராத்திரியில் தீர்ப்பவர்போல் அவர் ஆழ்ந்து தூங்கினார். காலையில் எழுந்தபோது தெளிந்த கண்ணோடு எழுந்தார்.

அந்த அழுத்தம் எவ்வளவு தெரியுமா? அரைச் சாண் உயரத் தண்ணீர் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான். கழுத்தை அறுத்துச் செய்த காரியத்தை அரைச் சாண் தண்ணீரின் பலமுள்ள காற்று செய்துவிட்டது. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981 ஏப்ரலில் அதே 'லான்செட்' பத்திரிகையில் ஸல்லிவனும் சகாக்களும் வெளியிட்டார்கள். பிராட்பென்ட் நிசப்தத்தைக் குறித்துவைத்த பத்திரிகையிலேயே, 104 வருஷம் கழித்து, அந்த நிசப்தத்துக்குப் பதிலும் வந்தது.

இத்துடன் சுபம் போட்டுவிடலாம் என்று தோன்றும். சரித்திர ஆசிரியர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் கதையில் கஷ்டமான பகுதி இனிமேல்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தூங்குவது வேறு. வீட்டில், தினந்தோறும், ஆயுள் பரியந்தம் தூங்குவது வேறு. காற்றைக் கண்டுபிடித்தது ஒரு ராத்திரி வேலை. அந்தக் காற்றை முகத்தில் கட்டி நிறுத்துவது பல வருஷ வேலையாகப் போயிற்று.

ஆரம்ப கால முகமூடியைப் பற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் பிளாஸ்டர் வைத்து அச்செடுத்து, அந்த அச்சின்மேல் கண்ணாடி நாரினால் கவசம் செய்வார்கள். தினம் ராத்திரி அதன் விளிம்பில் பசை தடவி முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும்; காலையில் பிய்த்து எடுக்க வேண்டும். மோட்டாரின் இரைச்சல் வேறு. இதைக் கண்டு நோயாளிகள் ஓடிப்போனார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை! அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். பகல் வெளிச்சத்தை விழித்த கண்ணால் பார்க்கிற சுகத்துக்காகத் தினமும் பசையும் பிய்த்தலும் பரவாயில்லை என்றார்கள். அவர்கள் இழந்திருந்தது என்ன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1985-ல் அமெரிக்காவில் இந்த யந்திரம் கடைச் சரக்காக வந்தது. 1989-ல் ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்று ஒரு கம்பெனி தோன்றியது. பசை போய் ஸிலிக்கோன் மெத்தையும் வார்களும் வந்தன. அதிலே ஒரு நுட்பம் உண்டு. முகமூடியின் ஓரத்தில் வெங்காயத் தோல் போன்ற மெல்லிய மடிப்பு ஒன்று வைத்தார்கள். உள்ளேயிருக்கும் காற்றே அந்த மடிப்பை ஊதி முகத்தோடு ஒட்டவைக்கிறது. கசிய நினைக்கும் காற்றையே காவல்காரனாக்கிவிட்டார்கள்! முகமூடியில் சின்னத் துவாரங்களும் உண்டு. விட்ட மூச்சு வெளியே போவதற்காக வேண்டுமென்றே வைத்தது அது. அதை அடைத்துவிடக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்களா? 1993-ல் பிலடெல்பியாவில் ஒரு வேடிக்கை செய்தார்கள். 35 பேருக்குக் கொடுத்த யந்திரங்களுக்குள், அவர்களுக்குத் தெரியாமல், ஒரு கணக்குப்பிள்ளையை ஒளித்துவைத்தார்கள். அதாவது, எத்தனை மணி நேரம் உபயோகமாயிற்று என்று குறித்துவைக்கும் கருவியை. பத்து நாளில் ஏழு நாளாவது, நாளைக்கு நாலு மணி நேரமாவது உபயோகித்தவர்கள் 16 பேர்தான்! மற்றவர்களுக்கு வியாதி பெரிதாகத் தெரியவில்லை. முகமூடிதான் பெரிதாகத் தெரிந்தது.

அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி என் உடம்பெல்லாம் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். காலையில் டாக்டர் அம்மாள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சார், மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் உங்களுக்கு மூச்சு தடைப்படுகிறது" என்றார். எனக்கு முதலில் தோன்றியது பெரியப்பாவின் பேரேட்டில் நீண்டுபோன அந்த 7.

யந்திரம் வீட்டுக்கு வந்தது. பழைய மோட்டார் இரைச்சல் இல்லை. ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான். முகமூடியிலிருந்து நீண்ட குழாயைப் பார்த்துவிட்டு என் பேத்தி, "தாத்தா பிள்ளையார் ஆயிட்டார்!" என்று கை கொட்டினாள். வீடே சிரித்தது. ஒரு காலத்தில் நான் சிரித்ததற்கு வட்டியோடு திரும்பி வந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் வாரம் நரகம். முகமூடியின் மேல் ஓரத்திலிருந்து காற்று கண்ணுக்குள் அடித்தது. வாரை இறுக்கினேன். இன்னும் அதிகமாகக் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். காலையில் மூக்குத் தண்டின்மேல் ரத்தம் கட்டிய சிவப்புக் கோடு. கோயிலில் பார்த்தவர்கள் எங்கே விழுந்தீர்கள் என்று விசாரித்தார்கள். நாக்கு வறண்டு மரப்பட்டை ஆயிற்று. நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அதைக் கழற்றி எறிந்துவிட்டேன். "நாற்பது வருஷம் குறட்டையோடு குடித்தனம் பண்ணியாச்சு. இன்னும் கொஞ்ச நாள் பண்ண மாட்டேனா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாங்க" என்றாள் என் மனைவி. அவளுக்கு என் பெரியப்பாவைத் தெரியாது.

மறுநாள் யந்திரம் கொடுத்த இளைஞர் வந்தார். நான் செய்தது அத்தனையும் தலைகீழ் என்றார். "ஐயா, உட்கார்ந்து பார்த்து மாட்டியிருக்கீங்க. படுத்தா முகம் மாறிடும். படுத்துக்கிட்டு, காத்தை ஓடவிட்டு, அப்புறம் வாரைச் சரி பண்ணணும்" என்றார். இறுக்கக் கூடாதாம், இறுக்கினால் அந்த வெங்காயத் தோல் மடங்கிப்போய்விடும், பிறகு அதை ஊதி ஒட்டவைக்கக் காற்றுக்கு இடம் ஏது? முகமூடியை முகத்திலிருந்து கொஞ்சம் தூக்கி, காற்று நிரம்பியதும் மெள்ள உட்காரவிட வேண்டும். படுக்குமுன் முகத்தில் எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். யந்திரத்துக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் வாலை நீர் ஊற்றினால் காற்று ஈரமாக வரும், நாக்கு வறளாது. பகலில் பத்திரிகை படிக்கும்போது அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு பழகினால் ராத்திரி பயம் இராது.

கடைசியாக அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "மீசை..." என்றார். மேலுதட்டில் முகமூடி உட்காருமிடத்தில் என் மீசை காவலுக்கு நின்றுகொண்டிருந்தது! வேறு மாதிரி முகமூடி இருக்கிறது என்றார். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது ஒன்று, வாயையும் சேர்த்து மூடுவது ஒன்று. இரண்டையும் பார்த்தேன்; இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கல்லூரி நாள் முதல் வளர்த்த மீசை. பெரியப்பா வைத்திருந்த மாதிரியே வைத்துக்கொண்டது. ஒரு நாள் யோசித்தேன். மறுநாள் எடுத்துவிட்டேன்.

அன்று ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினேன். அதிகாலையில் கண் விழித்தபோது என்னவோ தொலைந்துபோன மாதிரி இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, தலையில் வருஷக்கணக்காக இருந்த பாரம் தொலைந்திருந்தது. எழுதும் மேஜையில் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை எழுத்து எதுவும் கோடாக நீளவில்லை.

இன்னும் சில ராத்திரிகளில் கசிகிறது; ஜலதோஷம் வந்தால் சண்டைதான். அதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் பிளாஸ்டர் அச்சும் பசையுமாக அந்த முதல் நோயாளிகள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்வேன். கழுத்தை அறுக்க வேண்டாம், வேறு வழி இல்லையா என்று கேட்ட அந்தக் கட்டடத் தொழிலாளியை நினைத்துக்கொள்வேன். அவர் கேட்டிராவிட்டால்?

ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். நாற்பது வருஷம் குறட்டை கேட்டுப் பழகிய என் மனைவிக்கு இப்போதெல்லாம் நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடுகிறது. சத்தமே இல்லையே என்று பயம். இருட்டில் கையை நீட்டி என் மார்பின்மேல் வைத்துப் பார்க்கிறாள். மார்பு ஏறி இறங்குகிறது; கை திரும்பிப் போய்விடுகிறது. எனக்கு எல்லாம் தெரிகிறது. தூங்குகிறவன் மாதிரி இருந்துவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தூங்குமூஞ்சி இருப்பார். அப்பாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். பகலில் அவர் தலை சாய்ந்தால் சிரிக்க வேண்டாம். ராத்திரி அவருடைய குறட்டை நிற்கும்போது 'அப்பாடா' என்று திரும்பிப் படுத்துவிடவும் வேண்டாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் போனால், போய்க்கொண்டே இருந்தால், காலையில் அவரிடம் சொல்லுங்கள். நான் முப்பது வரை எண்ணினேன், யாரிடமும் சொல்லவில்லை.